படிக்கலேன்னா ஸ்பேனர் பிடிக்கணுமா?

ரொம்ப நாளா மனசுல அரிச்சிட்டிருந்த மேட்டர் இது. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சாக்கு சொல்லித் தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். ஆடி மாசம் ஊருக்குப் போயிட்டு வந்ததுக்கு அப்புறம் எழுதாம இருக்க முடியல. கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்து வச்சிட்டு உக்காருங்க.

ஊர்னா சந்தவாசல். வேலூர்லேர்ந்து கண்ணமங்கலம் தாண்டி போளூர், திருவண்ணாமலை போற வழியில வரும். பேர் கேள்விப்படாதவங்களுக்கு ஒரு அடையாளம் சொல்றேன்: படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போறவங்க இங்கதான் இறங்குவாங்க. பின்னாடி ஜவ்வாது மலை. ஆடி வெள்ளின்னா ஊரே கொள்ளாத கூட்டம். அந்தக் கூட்டத்துல, பொங்கல் வச்சு முடிச்ச கையோட, சித்தப்பா என்னைத் தனியா ஓரங்கட்டினார்.

"ஏம்பா, உன் தம்பி இன்னா சொல்லிக்கினு கீறான் தெரியுமா? மெக்கானிக் கடைக்குத்தான் போவானாம். நீ படிச்சவன். நீ சொன்னா கேப்பான். நாலு நல்ல வார்த்தை சொல்லு கண்ணு."

தம்பி இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சவன். அரசுப் பள்ளி. மார்க் மோசமில்ல, பிரமாதமும் இல்ல. லீவு விட்டா பஸ் ஸ்டாப் பக்கம் இருக்கற டூவீலர் மெக்கானிக் கடையிலதான் போய் நிப்பான். சித்தப்பாவுக்கு நெல்லும் வாழையும். ஏதோ ஒரு இஞ்சினியரிங் காலேஜுக்கு ஆள் பிடிக்கற ஏஜென்ட் ஒருத்தர் வீடு தேடி வந்து பேசிட்டுப் போயிருக்கார். சீட்டைப் பிடிச்சு வைக்க ஐம்பதாயிரம் முன்பணம், பத்து நாள் கெடு. வாழை போட்ட அரை ஏக்கரை அடமானம் வைக்கறதுக்கு ஆள் பார்த்தாச்சு.

நானும் தொண்டையைச் செருமிக்கிட்டு ரெடியானேன். நமக்குத்தான் அட்வைஸ் பண்றதுன்னா அல்வா சாப்பிடற மாதிரியாச்சே :-) "படிக்கலேன்னா ஸ்பேனர்தான் பிடிக்கணும்"னு எனக்கு எட்டாவதுல சொன்ன அதே டயலாக்கைத் தூசி தட்டி எடுத்தேன். ஆனா அன்னிக்கு சாயங்காலம் நடந்த ஒரு விஷயத்துல அந்த டயலாக் தொண்டையிலேயே நின்னுடுச்சு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

என்கிட்ட இருக்கறது பி.எஸ். 6 வண்டி, ஃபியூவல் இன்ஜெக்‌ஷன். மூணு மாசமா ஒரே தொல்லை. நல்லா ஓடிட்டே இருக்கும், திடீர்னு இன்ஜின் ஆஃப் ஆயிடும். மறுபடி செல்ஃப் போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். சென்னையில ஒரு சர்வீஸ் சென்டர்ல ரெண்டு தடவை விட்டேன். முதல் தடவை பிளக் மாத்தினாங்க. ரெண்டாவது தடவை த்ராட்டில் பாடி மாத்தணும், ஒருவேளை இ.சி.யு.வே மாத்த வேண்டியிருக்கும்னு சொல்லி பதினாலாயிரத்துச் சொச்சத்துக்கு எஸ்டிமேட் கையில கொடுத்தாங்க. "ஒருவேளை"க்கு பதினாலாயிரமான்னு கேட்டதுக்கு பதில் இல்ல.

அந்த வண்டியிலதான் ஊருக்குப் போயிருந்தேன். தம்பியைத் தனியாப் பிடிச்சுப் பேசலாம்னு கடைக்குப் போனா, வண்டியைப் பத்தித்தான் பேச்சு வந்துச்சு. கடைக்கார அண்ணன் ஸ்பேனரையே தொடல. கேள்வி மட்டும் கேட்டார். காலையில நிக்குதா, சூடானப்புறம் நிக்குதா? மழையில நிக்குதா? மேட்டுல ஏறும்போதா? பெட்ரோல் கம்மியா இருக்கும்போதா? எதுக்கும் என்கிட்ட உருப்படியான பதில் இல்ல. கடைசியா போளூர்லேர்ந்து ஜமுனாமரத்தூர் ஏறும்போது நாலு தடவை நின்னுச்சுன்னு சொன்னேன். நேர் ரோட்டுல எப்பவாவதுதான்.

தம்பி சட்டுன்னு வண்டி மேல ஏறி உக்காந்தான். இன்ஜினை ஐடில்ல ஓட விட்டுட்டு ஹேண்டில்பாரை மெதுவா வலது பக்கம் முழுசா ஒடிச்சான். ஒண்ணும் ஆகல. இடது பக்கம் ஒடிச்சான். பொசுக்குனு ஆஃப். மறுபடி ஸ்டார்ட், மறுபடி இடது பக்கம், மறுபடி ஆஃப். மூணு தடவை செஞ்சு காட்டிட்டு அண்ணனைப் பார்த்துச் சிரிச்சான்.

அப்புறம் நடந்தது இருபது நிமிஷ வேலை. டேங்கைக் கழட்டி, கோன்செட் பக்கத்துல போற வயரிங்கைப் பிரிச்சாங்க. ஒரு வயர் இறுக்கமா டேக் போட்டுக் கட்டியிருந்த இடத்துல உள்ளுக்குள்ள செம்பு அறுந்திருந்துச்சு. மேல இருக்கற பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்ததால கண்ணுக்குத் தெரியல. ஹேண்டில் இடது பக்கம் திரும்பும்போது வயர் இழுபட்டு, அறுந்த முனை ரெண்டும் பிரிஞ்சிடும். நேரானதும் ஒட்டிக்கும். மல்டிமீட்டர் வச்சு உறுதி பண்ணிட்டு, சால்டர் வச்சு, ஸ்லீவ் போட்டு, இழுபடாத மாதிரி வழியை மாத்திக் கட்டினாங்க. இருநூறு ரூபாய். அதுக்கப்புறம் சென்னை வரைக்கும் வண்டி ஒரு தடவை கூட நிக்கல.

பொட்டி தட்டறவங்களுக்கு இதைத் தனியா விளக்க வேண்டியதில்ல. எப்பவாவது வர்ற பக் தான் உலகத்துலேயே மோசமான பக். அதைப் பிடிக்க முதல்ல நினைச்ச நேரத்துக்கு வர வைக்கணும். அப்புறம் ஒவ்வொண்ணா விலக்கணும். மூல காரணம் கையில சிக்கினாத்தான் கை வைக்கணும். இந்த மூணையும் பதினேழு வயசுப் பையன் அஞ்சு நிமிஷத்துல செஞ்சுட்டான். எங்க ஆபீஸ்ல இதே வேலைக்கு மீட்டிங் போடுவோம். அதுக்கு முன்னாடி "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா"ன்னு கேப்போம் :-(

இப்ப என் வண்டவாளத்தையும் சொல்லிடறேன். நான் படிச்சது மெக்கானிக்கல் இஞ்சினியரிங். ஆமாங்க, மெக்கானிக்கல்! 2015ல கவுன்சலிங்ல கிடைச்ச சீட். தமிழ்நாட்டுல ஐந்நூறுக்கும் மேல இஞ்சினியரிங் காலேஜ் இருந்த காலம் அது. நாலு வருஷம். ஆட்டோ சைக்கிளோட பி-வி வரைபடம் தூக்கத்துல எழுப்பினாலும் வரைவேன். ஆனா ஒரு ஓடற இன்ஜினை என் கையால ஒரு தடவை கூடப் பிரிச்சதில்ல. லேப்ல வெட்டி வச்ச இன்ஜின் ஒண்ணு பெயின்ட் அடிச்சு நிக்கும். அதைச் சுத்தி நின்னு படம் வரைஞ்சு ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்கினோம். என் செட்டுல பெரும்பாலான பசங்க இன்னிக்கு என்னை மாதிரியே கோடு எழுதறாங்க. ஆக, "படிச்ச மெக்கானிக்கல்" ஆளுக்கு டேப்பெட் கிளியரன்ஸ் பார்க்கத் தெரியாது. "படிக்காத மெக்கானிக்" கண்ணை மூடிக்கிட்டு ஃபீலர் கேஜ் வைப்பார். இதுல யார் படிச்சவங்க?

இந்தப் பேச்சு தமிழ்நாட்டுக்குப் புதுசு கிடையாது. ஒரு ஆளை ஞாபகப்படுத்தறேன். 1893ல கோயம்புத்தூர் பக்கம் கலங்கல்ல பொறந்தவர். பள்ளிக்கூடம் ஒத்து வரல. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்ததுலேர்ந்து அதே நினைப்பு. கோயம்புத்தூர்ல ஹோட்டல்ல சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கி ஊர் சுத்தல. அக்கு அக்காப் பிரிச்சுப் போட்டு, மறுபடி மாட்டினார். அங்க ஆரம்பிச்சவர் 1920ல பொள்ளாச்சி-பழனி ரூட்ல பஸ் விட்டார். அப்புறம் மின் மோட்டார், ரேடியோன்னு அவர் கை வைக்காத இடமே இல்லன்னு சொல்லலாம். ஜி.டி. நாயுடு.

அவர் 1945ல ஆர்தர் ஹோப் பேர்ல பாலிடெக்னிக்கும் இஞ்சினியரிங் காலேஜும் ஆரம்பிச்சார். அந்த காலேஜ்தான் இன்னிக்கு கோயம்புத்தூர் ஜி.சி.டி. அங்க பிரின்சிபாலா இருந்தப்போ, நாலு வருஷப் படிப்பு பசங்க நேரத்தை வீணடிக்குது, ரெண்டு வருஷம் போதும்னு வாதாடினார். அரசாங்கம் ஒத்துக்கல. பதவியை விட்டே விலகிட்டார். அவர் சொன்னது முழுக்கச் சரின்னு நான் சொல்ல வரல. ஆனா கை படிச்சதுக்கும் புத்தகம் படிச்சதுக்கும் நடுவுல இருக்கற சுவரை எண்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் முட்டிப் பார்த்திருக்கார்.

2025 அக்டோபர்ல கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டுல 10.1 கிலோமீட்டருக்கு ஒரு மேம்பாலம் திறந்தாங்க. அதுக்கு ஜி.டி. நாயுடு பேர் வச்சிருக்காங்க. சந்தோஷம். ஆனா மோட்டார் சைக்கிளைப் பிரிச்சவர் பேரை மேம்பாலத்துக்கு வைக்கற அதே நாட்டுல, மோட்டார் சைக்கிளைப் பிரிக்கற பையனைப் பார்த்து "உருப்படமாட்டே"ன்னு சொல்றோம். செத்தப்புறம் சிலை, உயிரோட இருக்கும்போது திட்டு. நல்லா இருக்கு நம்ம நியாயம்.

சரி, இதையெல்லாம் சித்தப்பாகிட்ட சொன்னேன். ஜி.டி. நாயுடு வரைக்கும் பொறுமையாக் கேட்டார். அப்புறம் கேட்டார் பாருங்க ஒரு கேள்வி.

"நீ ஏசி ரூம்ல உக்காந்துக்கினு, எம் புள்ளைய மட்டும் கிரீஸ்ல போடச் சொல்றியா?"

அவ்வ்வ்வ்...

இந்த இடத்துல நிறைய பேர் நழுவிடுவாங்க. நானும் நழுவப் பார்த்தேன். ஆனா அந்தக் கேள்வி நியாயமானது. ஐ.டி.யில இருக்கற நம்ம ஆளுங்க சிலருக்கு ஒரு வியாதி உண்டு. வார்த்தைக்கு வார்த்தை பேஷன் பேஷன்னு பேசுவாங்க. அமெரிக்காவுல மேத்யூ கிராஃபோர்டுன்னு ஒருத்தர், அரசியல் தத்துவத்துல டாக்டர் பட்டம் வாங்கினவர், வாஷிங்டன்ல பார்த்த வேலையை உதறிட்டு ரிச்மண்ட்ல மோட்டார் சைக்கிள் பட்டறை வச்சு, 2009ல அதைப் பத்திப் புத்தகமும் போட்டார். அதைப் படிச்சுட்டு உருகுவாங்க. நானும் உருகினவன்தான். ஆனா அவர் கையில டாக்டர் பட்டம் இருந்துச்சு. பட்டறை ஓடலேன்னா திரும்பிப் போக ஒரு வழி இருந்துச்சு. சந்தவாசல் பையனுக்கு அந்த வழி எங்க இருக்கு? சித்தப்பா பயப்படறது கிரீஸைப் பார்த்து இல்லீங்க. திரும்பி வர வழி இல்லாத ஒரு தெருவுல பையன் நுழையறானேன்னு பயப்படறார்.

அவர் சொன்ன மத்த குறைகளும் பொய்யில்ல. கடைக்கார அண்ணனே ஒத்துக்கிட்டார். முப்பது வருஷமாக் குத்துக்கால் போட்டு உக்காந்ததுல முட்டி போச்சு. பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. விவசாய சீசன்ல காசு புழங்கும்போது வேலை குவியும், மத்த நாள்ல ஈ ஓட்டணும். அவர் இந்த வேலைக்கு வந்தது பதினோரு வயசுல. டீ வாங்கிட்டு வர, பெட்ரோல்ல பார்ட்ஸ் கழுவ. ரெண்டு வருஷம் ஒரு ரூபா சம்பளம் கிடையாது, சோறு மட்டும். (2016ல திருத்தின சட்டப்படி பதினாலு வயசுக்குக் கீழ யாரையும் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. குடும்பத் தொழிலுக்கும் சினிமா மாதிரி சிலதுக்கும் மட்டும் விலக்கு உண்டு.) அதோட பெரிய பிரச்சினை ஒண்ணு: மெக்கானிக்னா பொண்ணு கொடுக்க மாட்டாங்க.

ஆனா இந்தக் குறைகளை ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க. இதுல எது அந்த வேலையோட குணம்? முட்டி வலிக்கு பைக் தூக்கற ரேம்ப் போதும். பி.எஃப். இல்லாததும், சம்பளமில்லாம கத்துக்கறதும், சர்ட்டிபிகேட் இல்லாததும், பொண்ணு கிடைக்காததும் நாம பண்ணி வச்ச ஏற்பாடு. வேலையைக் கேவலமா வச்சிருக்கறது நாம. அப்புறம் கேவலமா இருக்கு, போகாதேன்னு சொல்றதும் நாம.

ஜெர்மனியில இதே டூவீலர் மெக்கானிக் வேலைக்கு மூணரை வருஷப் பயிற்சி. பட்டறையில வேலை, தொழிற்பள்ளியில பாடம், ரெண்டும் மாத்தி மாத்தி. கத்துக்கற காலத்துலேயே சம்பளம் உண்டு. அப்புறம் மேல படிச்சு மைஸ்டர் பட்டம் வாங்கலாம். சொந்தப் பட்டறை வைக்கணும்னா பொதுவா அந்தத் தகுதி வேணும். அங்க யாரும் மைஸ்டரைப் பார்த்து "படிக்கலியா?"ன்னு கேட்க மாட்டாங்க.

நம்ம ஊர்லயும் சட்டம் இல்லாம இல்ல. அப்ரன்டிஸ் சட்டம் 1961லேயே வந்துச்சு. 2019ல விதிகளைத் திருத்தி, அப்ரன்டிஸுக்குக் குறைஞ்சபட்ச உதவித்தொகை படிப்புக்குத் தகுந்த மாதிரி மாசம் 5,000 ரூபாய்லேர்ந்து 9,000 ரூபாய் வரைன்னு நிர்ணயிச்சாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதே விதிப்படி, நாலு பேராவது வேலை பார்க்கற இடமா இருந்தாத்தான் அப்ரன்டிஸ் எடுக்க முடியும். முப்பது பேர் இருந்தா கட்டாயம். நம்ம ஊர் மெக்கானிக் கடையில எத்தனை பேர்? ஒரு அண்ணன், ஒரு கையாள். முடிஞ்சு போச்சு. இந்த நாட்டுல டூவீலர் வேலையை நெசமாக் கத்துக் கொடுக்கற இடம் எதுவோ, அது கணக்குலேயே வரல. அங்க பத்து வருஷம் கத்துக்கிட்டாலும் அது "எடுபிடி வேலை"தான். பேப்பர்ல பூஜ்யம்.

ரெண்டாவது பூட்டு இன்னும் மோசம். முன்னாடி கார்புரேட்டர் காலம். ஜெட்டைக் கழட்டி ஊதிப் பார்த்தா விஷயம் புரிஞ்சிடும். யமஹா ஆர்.எக்ஸ். 100, ஹீரோ ஹோண்டா சி.டி. 100, ரெண்டுமே 1985ல வந்த வண்டிகள். இன்னிக்கும் எங்க ஊர்ல ஓடுது. காரணம் என்னான்னா, அதைத் திறந்து பார்க்க யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டியதில்ல. 2020 ஏப்ரல்லேர்ந்து பி.எஸ். 6. அதோட புது வண்டிகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிடுச்சு. சென்சார், இ.சி.யு., ஃபால்ட் கோடு. கோடைப் படிக்க ஸ்கேனர் வேணும், அந்தக் கோடுக்கு அர்த்தம் தெரிய கம்பெனி மேனுவல் வேணும். கடைக்கார அண்ணன் கையில இருக்கறது ஆன்லைன்ல வாங்கின ஏதோ ஒரு ஸ்கேனர். பாதி வண்டிக்கு வேலை செய்யுது, மீதிக்கு இல்ல. வயரிங் படம் வேணும்னா வாட்ஸ்அப் குரூப்ல கெஞ்சறார்.

ஐரோப்பிய யூனியன்ல 2013லேயே 168 ஆம் நம்பர் ஒழுங்குமுறைன்னு ஒண்ணு போட்டாங்க. 2016லேர்ந்து அமலுக்கு வந்துச்சு. டூவீலர் கம்பெனிக்காரங்க தங்களோட டீலருக்குக் கொடுக்கற பழுதுபார்ப்புத் தகவலை வெளியில இருக்கற சுதந்திர மெக்கானிக்குக்கும் பாரபட்சம் இல்லாமக் கொடுத்தாகணும். நியாயமான கட்டணம் வாங்கிக்கலாம், மறைக்கக் கூடாது. இங்க 2022 டிசம்பர்ல மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைன்னு ஒரு போர்ட்டல் திறந்துச்சு. நல்ல ஆரம்பம். ஆனா போர்ட்டல் வேற, கட்டாயம் வேற. கம்பெனி மனசு வச்சுப் போடற தகவலை நம்பி சந்தவாசல்ல கடை நடத்த முடியாது.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். 2024-25 நிதியாண்டுல மட்டும் இந்தியாவுல கிட்டத்தட்ட 1 கோடியே 96 லட்சம் டூவீலர் வித்திருக்கு. எங்க ஊரைச் சுத்தியே எத்தனை ஃபேக்டரி பாருங்க. ஓசூர்ல டி.வி.எஸ்., ஏத்தர். கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஓலா. ராணிப்பேட்டையில ஆம்பியர். ஒரகடத்துல ராயல் என்ஃபீல்டு. வண்டி செய்ய இத்தனை இடம் இருக்கு. செஞ்ச வண்டி மலையடிவாரத்துல நின்னு போனா யார் பார்ப்பாங்க? ஃபேக்டரிக்கு அடிக்கல் நாட்ட எல்லாரும் வராங்க. ஒயிட்போர்டு வச்ச மெக்கானிக் கடையை யாரும் எட்டிப் பார்க்கறதில்ல.

"எலெக்ட்ரிக் வண்டி வந்துட்டா மெக்கானிக்குக்கு வேலை ஏது?"ன்னு ஒரு கேள்வி வரும்னு தெரியும். இன்ஜின் வேலை குறையும், அது உண்மை. போர் போடறது, கிளட்ச் பிளேட், ஆயில் மாத்தறதெல்லாம் இருக்காது. ஆனா டயர், பிரேக், சஸ்பென்ஷன், பேரிங் எங்கயும் போகாது. வயரிங், கனெக்டர், கன்ட்ரோலர் வேலை கூடும். என் வண்டிக்கு வந்த வியாதியே வயரிங் வியாதிதானே? மல்டிமீட்டரோட பேசத் தெரிஞ்ச பையனுக்கு அங்கயும் சோறு உண்டு. மல்டிமீட்டரையே தொடாத பையனுக்குத்தான் ஆபத்து. அதனாலதான் கத்துக்கறதை ஒழுங்காக் கத்துக்கணும்னு சொல்றேன்.

ஆக, தம்பிக்கு நான் சொன்னது ரெண்டு பேருக்குமே பிடிக்கல :-) சித்தப்பாகிட்ட அட்வான்ஸ் கட்டாதீங்க, நிலத்தைத் தொடாதீங்கன்னு சொன்னேன். தம்பிகிட்ட நாளைக்கே கடைக்கு முழு நேரமா ஓடாதேன்னு சொன்னேன்.

முதல்ல அரசு ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் டிரேடு, ரெண்டு வருஷம். படிப்புக்குக் கட்டணம் இல்ல, மாசம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ். அரசுப் பள்ளியில ஆறாவதுலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் படிச்ச பையனுக்கு 2024 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாய், ஐ.டி.ஐ.க்கும் உண்டு. 71 அரசு ஐ.டி.ஐ.கள்ல புது மெஷின்களோட மையங்கள் வந்திருக்கு, எலெக்ட்ரிக் வண்டி மெக்கானிக் படிப்பும் அந்தத் திட்டத்துல இருக்கு. முடிச்சா கையில தேசிய தொழிற்சான்றிதழ். லீவு நாள்லயும் சாயங்காலத்துலயும் அதே அண்ணன் கடை. ஐ.டி.ஐ.யில ஏன்னு கத்துக்கலாம், கடையில எப்படின்னு கத்துக்கலாம். ரெண்டும் சேர்ந்தாத்தான் மெக்கானிக்.

சித்தப்பாவுக்கு முக்கியமா இன்னொண்ணு சொன்னேன். ஐ.டி.ஐ. முடிச்சவங்க பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாவது வருஷம் சேரலாம். டிப்ளமா முடிச்சா பி.இ.யில நேரா ரெண்டாவது வருஷம். வேணும்னா போலாம், வேண்டாம்னா கடை வைக்கலாம். நீங்க பயந்த மாதிரி இது முட்டுச் சந்து இல்ல. அரை ஏக்கரை அடமானம் வச்சு, பிடிக்காத படிப்புல சேர்ந்து, அரியர் வச்சு நாலு வருஷம் கழிச்சு வீட்டுக்கு வந்து உக்காரறதுதான் முட்டுச் சந்து. அதுல நின்னுட்டிருக்கற பசங்க ஒவ்வொரு தெருவுலயும் இருக்காங்க. அவங்களைப் பார்த்து மட்டும் யாரும் "பி.இ. படிச்சா இப்படித்தான் ஆவே"ன்னு சொல்றதில்ல. அது ஏன்?

இது ஒரு தம்பியோட கதைன்னா இவ்ளோ நீளமா எழுதியிருக்க மாட்டேன். மூணு விஷயம் கேக்கறேன். ஒண்ணு, அப்ரன்டிஸ் விதியில அந்த நாலு பேர் கணக்கை டூவீலர் பட்டறைக்குத் தளர்த்துங்க. ஒரு ஊர்ல இருக்கற பத்து கடையைச் சேர்த்து ஒரு யூனிட்டா எடுத்துக்கிட்டு, பக்கத்து ஐ.டி.ஐ. மேற்பார்வையில பசங்களுக்கு உதவித்தொகையோட பயிற்சி கொடுக்கலாமே. ரெண்டு, ஃபால்ட் கோடும் வயரிங் படமும் கம்பெனி ரகசியமா இருக்கக் கூடாது. காசு கொடுத்து வண்டி வாங்கினவன் விரும்பற ஆள்கிட்ட அதைப் பழுது பார்க்க உரிமை வேணும். மூணு, இது அரசாங்கத்துக்கு இல்ல, நமக்கு. "படிக்கலேன்னா மெக்கானிக்"னு இனிமே எந்தக் குழந்தைகிட்டயும் சொல்லாதீங்க. அதைக் கேட்டுட்டு ஒரு பையன் பயந்து படிப்பான்னு நினைக்கறீங்க. பக்கத்துல மெக்கானிக்கோட பையனும் நின்னு அதைக் கேட்டுட்டிருப்பான்.

சித்தப்பாவோட கேள்விக்கு வர்றேன். ஏசி ரூம்ல உக்காந்துக்கினு சொல்றியான்னு கேட்டாரே. என்கிட்ட முழு பதில் இல்ல. நாளைக்குத் தம்பி கடை ஓடலேன்னா அந்த நஷ்டம் எனக்கு வராது, அவருக்குத்தான் வரும். அது தெரிஞ்சேதான் சொன்னேன். வாயால மட்டும் சொல்லிட்டு வர மனசு வரல. ஐ.டி.ஐ. முடிச்சதும் டூல் செட்டும் ஸ்கேனரும் என் செலவுன்னு சொல்லிட்டு வந்தேன். என் ஒரு மாச சம்பளத்துல அடங்கிடும். பேசறதுக்குக் கொஞ்சமாவது விலை கொடுக்கணும் இல்லையா?

போன வாரம் சித்தப்பா போன் பண்ணினார். ஏஜென்ட்டைத் திருப்பி அனுப்பியாச்சாம். ஐ.டி.ஐ.யில இடம் கிடைச்சிடுச்சாம். குரல்ல பெரிய சந்தோஷமெல்லாம் இல்ல. வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டார்: "அந்த பாலிடெக்னிக் சேரலாம்னு சொன்னியே கண்ணு, அது நெஜந்தானே?"

நெஜந்தான் சித்தப்பான்னு சொன்னேன்.

பி.கு: மாற்றுக் கருத்து இருக்கறவங்க தாராளமாத் திட்டலாம். ஆனா திட்டறதுக்கு முன்னாடி உங்க வண்டியை கடைசியா யார் சரி பண்ணினாங்க, அவர் பேர் என்னன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. எனக்கு அந்த அண்ணன் பேர் தெரிய இத்தனை வருஷம் ஆச்சு.